வியட்நாமில் தெருக்கடைச் சாப்பாடு: எதைப் பார்த்து நம்புவது?

காவேரிக்கரை | வெள்ளி, இரவு 9.12

மார்ச்சில் குடும்பத்தோடு வியட்நாம் போகிறோம். ஹனோய், ஹாலோங் விரிகுடா, ஹோய் ஆன், கடைசியில் சைகோன். நானும் கணவரும், ஆறு வயது மகள், அம்மா. அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறார், முட்டையைக்கூடத் தொடமாட்டார். மகளுக்கு ரொட்டி இருந்தால் வேறெதுவும் வேண்டாம்.

வீட்டில் இப்போதே இரண்டு கட்சி. பெட்டி நிறைய ரெடிமேட் உப்புமாவும் புளிக்காய்ச்சலும் கட்டிக்கொண்டு போகலாம் என்கிறது ஒரு கட்சி. அவ்வளவு தூரம் போய் அந்த ஊர்ச் சாப்பாட்டை வாயில் வைக்காமல் திரும்புவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் வயிறு கெட்டால் பயணம் முழுக்க ஓட்டல் அறையிலேயே முடிந்துவிடும், அதுவும் அம்மாவுக்கு என்றால் பயமாகத்தான் இருக்கிறது. தெருக்கடையில் சாப்பிடலாமா? கடையில் எதைப் பார்த்து முடிவு செய்வது? போய் வந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

பொடிமாஸ் | வெள்ளி, இரவு 9.40

கெட்டில் ஒன்று கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள். உப்புமா மிக்ஸ், அவல், பருப்புப்பொடி இருந்தால் அம்மாவுக்குக் கவலையே இல்லை. வெளியே சாப்பிட்டே ஆக வேண்டும் என்றால் உள்ளூர்க்காரர்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் கடையாகப் பாருங்கள். கூட்டம் இருக்கும் கடையில் சாமான் தேங்காது. அது ஒன்று போதும்.

சைகோன்வாசி | வெள்ளி, இரவு 11.05

காவேரிக்கரை அக்கா, நான் ஆயத்த ஆடை வேலையில் வந்து இங்கேயே குடும்பத்தோடு தங்கிவிட்டவன். தைரியமாகச் சாப்பிடலாம். ஆனால் பொடிமாஸ் அண்ணன் சொன்ன கூட்டம் பார்க்கும் வழி மட்டும் போதாது. அதை நம்பித்தான் இங்கே நிறையப் பேர் மாட்டியிருக்கிறார்கள்.

2023 செப்டம்பரில் நீங்கள் போகிற அதே ஹோய் ஆனில், வெளிநாட்டுப் பயணிகள் வரிசையில் நின்று வாங்கும் புகழ்பெற்ற பான் மி (வியட்நாம் சாண்ட்விச்) கடை ஒன்றில் சாப்பிட்டு 300 பேருக்கு மேல் வாந்தி பேதியில் விழுந்தார்கள். 2024 மார்ச்சில் ந்யா சாங் நகரத்தில் கோழிச் சோறு விற்ற கடை ஒன்றால் அதேபோல 300 பேருக்கு மேல். அந்த ஆண்டு மே தொடக்கத்தில், வெயில் கொளுத்திய நாட்களில், டோங் நாய் மாகாணத்தில் ஒரு பான் மி கடையால் 500 பேருக்கு மேல். மூன்றிலும் சால்மோனெல்லா கிருமி இருந்தது. மூன்றுமே நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடைகள். கூட்டம் இருந்ததால்தான் எண்ணிக்கை அவ்வளவு ஏறியது.

பான் மி எப்படிச் செய்கிறார்கள் என்று பக்கத்தில் நின்று பாருங்கள், காரணம் புரிந்துவிடும். நீள ரொட்டியைக் கரி அடுப்பில் சூடாக்கிக் கீறுவார்கள். ரொட்டி மொறுமொறுவென்று சுடச்சுட இருக்கும். அதற்குள் ஈரல் அரைத்த பேட்டே ஒரு தடவல், பச்சை முட்டை அடித்துச் செய்த மயோனைஸ் ஒரு தடவல், காலையிலேயே வேகவைத்து அடுக்கிய இறைச்சித் துண்டுகள், ஊறுகாய் கேரட், கொத்தமல்லி. நெருப்பைப் பார்த்தது ரொட்டி மட்டும்தான். உள்ளே இருக்கும் எதுவும் நீங்கள் வாங்கும் நேரத்தில் சூடாகவில்லை. கண்ணாடிப் பெட்டியில் 33, 34 டிகிரி வெயிலில் மணிக்கணக்காக இருந்தவை. அதிகாலையில் முதல் ஆளாக வாங்குபவருக்கும் பகல் 2 மணிக்கு வாங்குபவருக்கும் ஒரே கடையில் இரண்டு வேறு சாப்பாடு.

ஃபோ என்ற நூடுல்ஸ் சூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எலும்புச் சாறு விடிய விடியக் கொதிக்கும். நீங்கள் உட்கார்ந்த பிறகுதான் அரிசி நூடுல்ஸைச் சல்லடைக் கரண்டியில் வைத்து வெந்நீரில் முக்கி எடுப்பார்கள், அதன்மேல் கொதிக்கும் சாறு. கிண்ணத்தைக் கையால் தொட முடியாது. கடை நடைபாதையில்தான் இருக்கும், முக்காலி முழங்கால் உயரம்தான் இருக்கும், காலடியில் எலுமிச்சைத் தோலும் காகிதமும் கிடக்கும். ஆனால் அந்தக் கிண்ணம் நட்சத்திர ஓட்டல் பஃபேயில் மெழுகுவர்த்திச் சூட்டில் கிடக்கும் நூடுல்ஸைவிடப் பாதுகாப்பானது. இறைச்சி சாப்பிடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். மேலே பச்சை இறைச்சிச் சீவலைப் போட்டுச் சாற்றின் சூட்டிலேயே வேகவிடும் வகை ஒன்று, முன்பே நன்றாக வேகவைத்த இறைச்சி போடும் வகை இன்னொன்று. இரண்டாவதையே கேளுங்கள்.

ஆக, நான் கடையைப் பார்ப்பதில்லை, அடுப்பைப் பார்க்கிறேன். அடுப்பிலிருந்து என் வாய்க்கு வர எவ்வளவு நேரம் ஆகிறது? என் கண் முன்னால் கொதித்ததா? அதுதான் கணக்கு.

லேப்கோட்டு | சனி, காலை 7.20

சைகோன்வாசி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் வேலை என்பதால் காரணத்தைச் சேர்த்து வைக்கிறேன்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவில்தான் கிருமிகள் பெருகும். சாதகமான சூட்டில் சால்மோனெல்லா ஏறக்குறைய 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். ஒரே ஒரு கிருமி ஆறு மணி நேரத்தில் இரண்டரை லட்சத்தைத் தாண்டிவிடும். அதனால்தான் சமைத்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதே, உள்ளே 70 டிகிரி எட்டும்வரை வேகவை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

ஆனால் 'திரும்பச் சூடுபடுத்திக் கொடுத்தார்கள், அப்புறம் என்ன' என்று நினைக்க வேண்டாம். சோற்றில் பேசில்லஸ் செரியஸ் என்று ஒரு பாக்டீரியா உண்டு. அதன் வித்துக்கள் சோறு வேகும்போதும் சாகாது. சோறு ஆறிக் கிடக்கும்போது முளைத்து ஒரு நஞ்சைச் சுரக்கும். பிறகு வாணலியில் போட்டு எவ்வளவு வறுத்தாலும் அந்த நஞ்சு அழியாது. ஆறிய சோற்றைக் குவித்து வைத்து ஃபிரைடு ரைஸ் போடும் கடையில் அடுப்பு எரிவதை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. புளிச்சோறு கட்டிப் போனால் புளிப்பு ஓரளவு காக்கும். எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு கட்டிக்கொண்டு நாள் முழுக்க வெயிலில் சுற்றுவது தெருவோர ஃபோவைவிட ஆபத்து. பொடிமாஸ், கெட்டிலில் வெந்நீர் ஊற்றி அப்போதே சாப்பிடும் உங்கள் உப்புமா மிக்ஸில் இந்தப் பிரச்சினை இல்லை.

இன்னொன்று. வயிறு கெட்டதும் எல்லாரும் கடைசியாகச் சாப்பிட்ட கடையைத்தான் திட்டுவார்கள். பேசில்லஸ், ஸ்டஃபைலோகாக்கஸ் நஞ்சு என்றால் சில மணி நேரத்தில் வாந்தி வரும், அப்போது சந்தேகம் சரி. சால்மோனெல்லா 6 மணி முதல் 3 நாள் வரை எடுக்கும். தென்கிழக்கு ஆசியாவில் அதிகம் தென்படும் கேம்பிலோபாக்டருக்கு 2 முதல் 5 நாள். மஞ்சள் காமாலை தரும் ஹெபடைடிஸ் ஏ ஊர் திரும்பி ஒரு மாதம் கழித்துக்கூடத் தெரியும். முந்தாநாள் ஓட்டலில் சாப்பிட்ட சாலட் செய்த வேலைக்கு நேற்றைய ஃபோ கடைக்காரர் பழி சுமப்பது அடிக்கடி நடக்கிறது.

ஊர்சுற்றி | சனி, காலை 10.02

> நட்சத்திர ஓட்டல் பஃபேயில் கிடக்கும் நூடுல்ஸைவிடப் பாதுகாப்பானது

இது வரைக்கும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இப்படியே போனால் பச்சை இலை தொடாதே, ஐஸ் தொடாதே என்று ஆகிவிடும். வியட்நாம் சாப்பாட்டில் பாதியே அந்தப் பச்சைத் தட்டுதான். லெட்யூஸ், புதினா, துளசி, முளைப்பயறு எல்லாம் குவியலாக வரும். அரிசி மாவில் மொறுமொறுவென்று வார்க்கும் பான் செயோவை அந்த இலையில் சுற்றிச் சாற்றில் தோய்த்துச் சாப்பிடாவிட்டால் அந்தப் பண்டத்துக்கே அர்த்தம் இல்லை. நாமெல்லாம் ரோட்டோரப் பானிபூரியும் கரும்புச்சாறும் குடித்து வளர்ந்தவர்கள். வெள்ளைக்காரர்களுக்கு எழுதிய அறிவுரையை நமக்கு அப்படியே பொருத்த வேண்டாம் என்பது என் கருத்து.

லேப்கோட்டு | சனி, காலை 11.30

ஊர்சுற்றி, பாதி உண்மை. பேதி தரும் ஈ.கோலை வகைகளைச் சின்ன வயதிலிருந்து சந்தித்தவர்களுக்கு ஓரளவு எதிர்ப்பு இருக்கும். சால்மோனெல்லாவுக்கும், வாந்தி பேதி தரும் நோரோவைரஸுக்கும் அந்தக் கணக்கு செல்லாது. அப்புறம், ஆறு வயதுப் பிள்ளை எந்தத் தெருத் தண்ணீரைக் குடித்து வளர்ந்திருக்கிறாள்? வீட்டில் ஆர்.ஓ., பள்ளிக்குப் பாட்டில். நம் தலைமுறைக்கு ஹெபடைடிஸ் ஏ பெரும்பாலும் குழந்தையிலேயே வந்து போயிருக்கும், அவர்களுக்கு அப்படி இல்லை. தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ஹெபடைடிஸ் ஏ, டைபாய்டு இரண்டும் போட்டிருக்கிறதா என்று குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். பெரியவர்களுக்கும் டைபாய்டு ஊசி பற்றிக் கேட்கலாம். கிளம்ப இரண்டு வாரமாவது இருக்கும்போது போட்டால்தான் பலன்.

நம் வீடுகளில் யாரும் யோசிக்காத ஒன்று உண்டு. நெஞ்செரிச்சலுக்கு என்று தினமும் காலையில் பாண்டோப்ரசோல், ஒமிப்ரசோல் போடுபவர்கள் எத்தனை பேர்! கிருமியைக் கொல்லும் முதல் அரண் வயிற்று அமிலம்தான். அதைக் குறைத்துவிட்டு வெளியூரில் சாப்பிட்டால் தொற்றுக்கு வாய்ப்பு கூடும். அம்மா அதைப் போடுகிறாரா? தேவைப்பட்டுத்தான் போடுகிறாரா, பழக்கமாகிவிட்டதா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பச்சைத் தட்டைப் பற்றி: இலையைவிட முளைப்பயறுதான் எனக்குப் பயம். முளைகட்டத் தேவையான ஈரமும் வெதுவெதுப்பும் கிருமிக்கும் அதே அளவு பிடிக்கும். 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளையால் பரவிய ஈ.கோலையில் 50 பேருக்கு மேல் இறந்தார்கள். அது சுத்தத்துக்குப் பேர் போன நாடு.

சைகோன்வாசி | சனி, பகல் 1.15

முளைப்பயறை வெந்நீரில் முக்கித் தரச் சொன்னால் எந்த ஃபோ கடையிலும் மறுக்கமாட்டார்கள். என்னோடு வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர்களே அப்படித்தான் கேட்கிறார்கள். இலைகளைப் பொறுத்தவரை என் வழக்கம் இது: தட்டில் தண்ணீர் தேங்கி, இலை சொட்டச் சொட்ட இருந்தால் தொடமாட்டேன். சாற்றில் போடுவதானால் கிண்ணம் வந்த கையோடு, கொதி அடங்குவதற்குள் அடியில் அமுக்கிவிடுவேன். முழுப் பாதுகாப்பு இல்லை, ஆனால் பச்சையாக மெல்லுவதற்கு எவ்வளவோ மேல். பெரியவர்கள் அந்த அளவுக்குத் துணியலாம். அம்மாவுக்கும் குழந்தைக்கும் வேண்டாம் என்றே சொல்வேன்.

காவேரிக்கரை | சனி, மாலை 6.48

எல்லாருக்கும் நன்றி. அம்மா பாண்டோப்ரசோல் வருடக்கணக்கில் போடுகிறார், லேப்கோட்டு சொன்ன பிறகுதான் அதை யோசிக்கிறேன். திங்களன்று டாக்டரைப் பார்க்கிறோம்.

இரண்டு சந்தேகம். சைவம் அங்கே உண்மையிலேயே கிடைக்குமா, மீன் சாறு கலக்காமல்? அப்புறம் ஐஸ். நடுவில் ஓட்டை இருக்கும் ஐஸ் என்றால் பயமில்லை என்று பல இடங்களில் படித்தேன்.

சைகோன்வாசி | சனி, இரவு 8.30

சைவத்துக்கு இது நல்ல ஊர் அக்கா. அமாவாசை, பௌர்ணமி ஒட்டி இங்கே ஏராளமான பேர் பௌத்த முறைப்படி சைவம் சாப்பிடுவார்கள். 'சாய்' என்ற சொல் பலகையில் இருந்தால் சைவக் கடை. அங்கே மீன் சாறு போடமாட்டார்கள், சோயா சாறுதான். கோயில் சார்ந்த கடைகளில் பூண்டு வெங்காயம்கூட இருக்காது. சாதாரணக் கடையில் போய் 'இறைச்சி வேண்டாம்' என்று சொன்னால் போதாது. காய்கறி மட்டும் போட்டு, அதே எலும்புச் சாற்றையும் மீன் சாற்றையும் ஊற்றித் தந்துவிடுவார்கள், அவர்கள் கணக்கில் அது இறைச்சி இல்லை. அதனால் அம்மாவுக்குச் சாய் கடை மட்டும். ஆனால் சாய் கடையிலும் அடுப்புக் கணக்கு மாறாது. தட்டுத் தட்டாக அடுக்கி வைத்துச் சோற்றோடு தரும் கடையில் 11 மணிக்குப் போங்கள், 2 மணிக்குப் போகாதீர்கள். காளான் போட்ட சைவ ஃபோ எந்த நேரத்திலும் கேட்கலாம்.

சைகோனில் ட்ருவாங் டின் தெருவில் 19ஆம் நூற்றாண்டுத் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இருக்கிறது. இப்போது பெரும்பாலும் வியட்நாமியர்கள்தான் வந்து கும்பிடுகிறார்கள். அம்மாவைக் கட்டாயம் கூட்டிப் போங்கள்.

ஐஸ்: குழல் ஐஸ் தொழிற்சாலையில் சுத்திகரித்த நீரில் செய்வது என்பது பொதுவாகச் சரி. தூளாக உடைத்த பெரிய பாளம் மீனைக் குளிர வைக்கவும் பயன்படுவது, அது வேண்டவே வேண்டாம். ஆனால் நல்ல குழல் ஐஸும் கடைக்கு வந்த பிறகு என்ன ஆகிறது என்று பாருங்கள். மூட்டையைத் தரையில் இழுத்து வருவார்கள், பெட்டியில் கொட்டுவார்கள், அதற்குள்ளேயே பீர் பாட்டில்களைப் புதைப்பார்கள், காசு வாங்கிய கையால் அள்ளிப் போடுவார்கள். உறைநிலையில் கிருமி தூங்கும், சாகாது. நான் பழகிய காப்பிக் கடையில் ஐஸ் போட்டுக் குடிக்கிறேன், தெருவோரக் கரும்புச்சாற்றில் குடிப்பதில்லை. நீங்கள் சில நாள் விருந்தாளி. மூடி திறக்காத பாட்டில் தண்ணீர், சூடான தேநீர், கண்ணெதிரே வெட்டிய இளநீர் இருக்கும்போது ஐஸ் எதற்கு?

வார்டுசிஸ்டர் | ஞாயிறு, காலை 6.15

இரவுப் பணி முடிந்து வந்து படித்தேன். சாப்பாட்டைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டீர்கள். வயிறு கெட்டால் என்ன செய்வது என்று யாரும் பேசவில்லை. எவ்வளவு கவனமாக இருந்தாலும் சிலருக்கு வரும்.

காவேரிக்கரை, முதலில் அம்மா. மெட்ஃபார்மின் போடுகிறாரா? டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின் போன்றவை இருக்கிறதா? வாந்தி பேதியில் உடம்பில் நீர் வற்றும்போது இவற்றைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வார்கள். சில பிரஷர் மாத்திரைகளுக்கும் அப்படித்தான். இன்சுலின் போடுபவர்கள் தாங்களாக முழுவதும் நிறுத்தவே கூடாது. எதை எப்போது நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்று திங்களன்று டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே போய் இரவு 2 மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்கிற விஷயம் இல்லை இது.

ஓ.ஆர்.எஸ். பொடி பாக்கெட் நாலைந்து. உலக சுகாதார நிறுவன அளவுப்படி 1 லிட்டருக்கு 20.5 கிராம், அதில் குளுக்கோஸ் 13.5 கிராம். 'சர்க்கரை இருக்கிறவருக்கு எப்படிக் கொடுப்பது' என்று பயந்து கொடுக்காமல் விடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். கொடுக்க வேண்டும். உப்பைக் குடல் உறிஞ்சுவதற்கு அந்தக் குளுக்கோஸ்தான் துணை. சர்க்கரை அளவை அடிக்கடி பார்த்துக்கொண்டால் போதும். பெட்டியில் வரும் இனிப்புப் பானங்களை வாங்காதீர்கள். அந்த அளவுக்குப் பொருந்தாத பானங்கள் ஓ.ஆர்.எஸ். பெயரைப் போடக் கூடாது என்று நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2025 அக்டோபரில் தடுத்தது. வியட்நாம் மருந்துக்கடையில் 'ஓரெசோல்' என்று கேட்டால் தருவார்கள். 200 மில்லிக்கு ஒன்று, லிட்டருக்கு ஒன்று என்று வேறு வேறு பாக்கெட் இருக்கும், அளவைப் பார்த்துக் கலக்குங்கள். கெட்டியாகக் கலக்கிக் கொடுத்தால் குழந்தைக்கு உப்பு ஏறி ஆபத்தாகிவிடும்.

பேதி என்றதும் கையோடு கொண்டு போன ஆன்டிபயாடிக்கைப் போடும் பழக்கத்தை விடுங்கள். பெரும்பாலும் சில நாட்களில் தானாக நிற்கும். அந்தப் பக்கத்துக் கேம்பிலோபாக்டர் சிப்ரோஃப்ளாக்சசினுக்கு அடங்குவதும் இல்லை. பேதியை நிறுத்தும் லோபெராமைடு பெரியவர்கள் பஸ் பயணத்துக்கு ஒருநாள் போடலாம். காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் போடக் கூடாது, குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். ரத்தம், அதிகக் காய்ச்சல், குடித்ததெல்லாம் வாந்தி, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, பிள்ளை துவண்டு கிடக்கிறாள், இதில் எது வந்தாலும் நேராக மருத்துவமனை. அங்கே ஆம்புலன்ஸ் எண் 115. பயணக் காப்பீட்டில் அம்மாவின் சர்க்கரையை மறைக்காமல் குறிப்பிடுங்கள், இல்லாவிட்டால் பணம் கேட்கும்போது மறுப்பார்கள்.

கை கழுவ சோப்பு எடுத்துப் போங்கள். நோரோவைரஸிடம் சானிடைசர் அவ்வளவாக வேலை செய்யாது.

ஊர்சுற்றி | ஞாயிறு, காலை 9.50

சிஸ்டர், இதைப் பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்கிறேன். என் பக்கத்திலிருந்து ஒன்று. எல்லாவற்றையும் ருசி பார்க்க வேண்டும் என்று வாதாடும் நானே ஒன்றைத் தொடமாட்டேன்: தியெட் கான். வாத்து அல்லது பன்றியின் பச்சை ரத்தத்தை உறைய வைத்து, மேலே வேர்க்கடலை தூவித் தருவது. துணிச்சலைக் காட்ட என்றே சில வெளிநாட்டுப் பையன்கள் அதைச் சாப்பிட்டு வீடியோ போடுகிறார்கள்.

லேப்கோட்டு | ஞாயிறு, காலை 10.25

அது வயிற்றோடு நிற்கிற விஷயம் இல்லை. பன்றியிலிருந்து வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சூயிஸ் மூளைக்காய்ச்சல் தரும், பிழைத்தவர்களில் பலருக்குக் காது நிரந்தரமாகப் போய்விடும். தெற்கு வியட்நாமில் பெரியவர்களுக்கு வரும் பாக்டீரியா மூளைக்காய்ச்சலுக்கு அதுதான் முதல் காரணம். ஹனோயின் முட்டைக் காப்பியும் பச்சை மஞ்சள் கருவை அடித்துச் செய்வதுதான். ஆரோக்கியமான பெரியவர் ஒரு கோப்பை குடிப்பது அவர் விருப்பம், குழந்தைக்கு ஒரு வாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

காவேரிக்கரை | ஞாயிறு, இரவு 8.05

வீட்டில் எல்லாரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். கெட்டிலும் உப்புமா மிக்ஸும் அம்மாவின் காலைக்கு மட்டும் போகும், மற்ற வேளை வெளியில்தான் என்று முடிவாகிவிட்டது. அம்மாவே 'கொதிக்கக் கொதிக்கத் தந்தால் நான் சாப்பிடுவேன்' என்று சொல்லிவிட்டார்.

மிச்சம் இரண்டு. ஹாலோங் படகில் மதியச் சாப்பாடு டிக்கெட்டிலேயே சேர்ந்தது, கடல் உணவு பஃபே என்று போட்டிருக்கிறது. மகள் பான் மி படத்தைப் பார்த்துவிட்டு அதுதான் வேண்டும் என்கிறாள். சைகோன்வாசி எழுதியதைப் படித்த பிறகு வாங்கிக் கொடுக்கக் கை வரவில்லை.

சைகோன்வாசி | ஞாயிறு, இரவு 9.20

படகுக்கு முன்பதிவு செய்யும்போதே அம்மாவுக்குச் சாய் சாப்பாடு என்று எழுதிக் கொடுங்கள், தனியாகச் சமைத்துத் தருவார்கள். மற்றவர்கள் பஃபே திறந்ததும் முதல் ஆளாக எடுங்கள். சிப்பியைப் பச்சையாக வைத்தால் வேண்டாம், நோரோவைரஸுக்குப் பேர் போனது. பழம் வெட்டி வைத்ததைவிட முழுசாக இருக்கும் வாழைப்பழம், ஆரஞ்சு எடுத்து நீங்களே உரியுங்கள்.

மகளுக்குப் பான் மி கொடுக்காமல் கூட்டி வராதீர்கள் அக்கா, பாவம். 'பான் மி ஓப் லா' என்று கேளுங்கள். குட்டி இரும்புத் தட்டில் முட்டையை உடைத்து ஊற்றிப் பொரித்து, சட்டி சீறிக்கொண்டிருக்கும்போதே ரொட்டியோடு மேசைக்கு வரும். பேட்டே, மயோனைஸ், பச்சை இலை மூன்றும் வேண்டாம் என்று போனில் மொழிபெயர்த்து முன்பே காட்டிவிடுங்கள். மஞ்சள் கரு கெட்டியாகும்வரை அடுப்பில் விடச் சொல்லுங்கள், பாதி வெந்த கருவோடு தருவதுதான் இங்கே வழக்கம். காலை 7 மணிக்கு எந்தத் தெருவிலும் கிடைக்கும்.